கேட்டது கிடைக்காதபோதும் செபித்தவர்



நம்பிக்கையோடு செபிப்பது என்றால் கேட்டதை எல்லாம் பெற்றுக்கொள்வதா? நம் தமிழ் மண்ணின் மறைசாட்சி புனித தேவசகாயத்தின் வாழ்வு இதற்கு விடை தருகிறது.

1712 ஏப்ரல் 23 அன்று, இன்றைய குமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவலராகப் பணியாற்றினார். அடுத்தடுத்து வந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த அவருக்கு, 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பின்னர் மன்னரின் படையில் சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாய், யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். அனைத்தையும் இழந்தும் இறைவனைப் பற்றிக்கொண்ட யோபு அவர் உள்ளத்தைத் தொட்டார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் ஆனார். கடவுளே உதவி என்பது அப்பெயரின் பொருள்.

அவருடைய செபம் உதட்டோடு நிற்கவில்லை. சாதி வேறுபாடு பாராது எல்லாரோடும் பழகினார்; ஒன்றாக அமர்ந்து உண்டார். அக்காலத்தில் அது பெருங்குற்றம். 1749-இல் கைது செய்யப்பட்டார். சாட்டையடி, காயங்களில் மிளகாய்ப் பொடி, எருமை மீது ஏற்றி ஊர்வலம் என மூன்று ஆண்டுகள் வதைக்கப்பட்டார். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது, அவர் செபித்து முழங்கையால் இடித்த பாறையில் நீர் சுரந்தது என்பது மக்கள் மரபு. அவ்விடமே முட்டிடிச்சான்பாறை. தண்ணீர் கிடைத்தது; விடுதலை கிடைக்கவில்லை. ஆயினும் அவர் செபத்தை விடவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவரே.

நம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நீர் பேரழுத்தத்தோடு நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரிவதில்லை. இறைவனின் துணையும் அப்படித்தான். பணி நிரந்தரம், பதவி உயர்வு, பிள்ளைகளின் படிப்பு, நோயிலிருந்து நலம் என நாம் பலவற்றைக் கேட்கிறோம். கேட்பது தவறல்ல. ஆனால் ஒரே சுரங்கத்தில் வியர்வை சிந்தும் ஒப்பந்தத் தொழிலாளியை நம்மோடு சமமாக அமர்த்தி உண்கிறோமா? கேட்டது தாமதமானால் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிடுகிறோமா?

நேர்மையாய் வாழ்பவரின் செபம் வலிமை மிக்கது என்று யாக்கோபின் திருமுகம் கற்பிக்கிறது. அந்த நேர்மையையும், கேட்டது கிடைக்காதபோதும் தளராத நம்பிக்கையையும் புனித தேவசகாயத்தின் பரிந்துரையால் இறைவனிடம் வேண்டுவோம்.