நாடியை வரைந்த நல்லறிஞர்

முதுமையில் தோல் சுருங்குவதைக் கண் காணும். உள்ளே குருதிக்குழாய் விறைப்பதைக் கண் காணாது. அதனைத் தாளில் வரைந்து காட்டியவர் பிரெடரிக் அக்பர் மகமது. பாட்னாவிலிருந்து சென்று இங்கிலாந்தில் குடியேறிய தீன் மகமதுவின் பேரராகிய இவர், 1849-ஆம் ஆண்டு பிரைட்டன் நகரில் பிறந்தார்.

இலண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராய் இருந்தபோதே, பிரெஞ்சு அறிஞர் மாரே அமைத்த நாடிவரைவுக் கருவியை இவர் சீர்திருத்தினார். மணிக்கட்டின் நாடித்துடிப்பு, புகை படிந்த தாளில் அலையலையாய்ப் பதிந்தது. நெகிழ்ந்த குழாயுடைய இளையோரிடம் அலையின் முதல் முகடு ஓங்கி நின்றது. குழாய் விறைத்த முதியோரிடமோ, அதனை அடுத்தெழும் முகடு மேலோங்கிற்று.

சிறுநீரக நோயே குருதி அழுத்தத்தை மிகுவிக்கும் என்று மருத்துவர் கருதிய காலம் அது. அந்நோய் இல்லாமல் நலமாய் நடமாடுவோரிடமும் அழுத்தம் மிகுந்திருத்தலை மகமது கண்டறிந்தார். அத்தகையோரை முன்னரே காக்க வழிகாட்டிய அவரோ, டைபாய்டு காய்ச்சலால் 1884-இல் தம் 35-ஆம் அகவையில் மறைந்தார்.

இன்று தமிழகத்தில் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலும், நோயறியாது வலைவீசச் செல்லும் மீனவரின் குருதி அழுத்தத்தை மருத்துவப் பணியாளர் அளந்து பார்க்கின்றனர். நோய் முற்றுமுன் அளந்தறியும் அவ்வழியில் முன்னே நடந்தவருள் மகமதுவும் ஒருவர்.