டோனாவூர் அம்மை

சந்தாபுராவில் குடியேறியுள்ள நம்மவருள் நெல்லைச் சீமையை விட்டு வந்தோர் பலர் உளர். பிழைப்பை நாடி நாம் வந்த வழிக்கு எதிர்த் திசையில், பெங்களூரிலிருந்து நெல்லைக்குச் சென்று அம்மண்ணிலேயே அடங்கிய ஓர் அம்மையாரின் வரலாற்றை அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில், மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே நரம்பு வலி அவரை வாட்டிற்று. ஜப்பானில் ஊழியம் செய்யச் சென்று நோயுற்று மீண்டவர், பெங்களூரின் தட்பவெப்பம் உடலுக்கு நலம் பயக்கும் என்றெண்ணி 1895இல் இங்கு வந்தார். வந்தவரை வரவேற்றது டெங்குக் காய்ச்சல்! நம் ஊர்க் கொசுக்களின் விருந்தோம்பல் பழமையானது போலும்.

அடுத்த ஆண்டே, வாக்கர் ஐயரிடம் தமிழ் பயிலும் பொருட்டுத் திருநெல்வேலிக்குப் போனார். 1901 மார்ச்சில், தேவதாசியாக்கப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பியோடிப் பண்ணைவிளையில் அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவ்வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் பிறந்தது 1947இல்தான். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து டோனாவூரில் எழுந்த இல்லம் அக்குழந்தை ஒருத்தியில் தொடங்கியதே. தொடக்க ஆண்டுகளில் கைக்குழந்தைகள் பல நோயால் மாண்டன. 1912இல் வாக்கர் ஐயரும் மறைந்தார். ஆயினும் அம்மையார் ஓய்ந்திலர்.

1931 அக்டோபர் 24ஆம் நாள் காலை, ஊழியத்திற்குத் தம்மைத் தகுதியாக்கும் எதனையும் செய்தருளுமாறு அவர் இறைவனை வேண்டினார். அன்று மாலை மங்கிய ஒளியில், களக்காட்டில் மருத்துவப் பணிக்கென ஆயத்தமாகிவந்த வீட்டைப் பார்க்கச் சென்றவர், புதிதாய்த் தோண்டிய குழியில் விழுந்தார். கால் முறிந்தது, முதுகெலும்பும் பாதிப்புற்றது. அப்போது வயது அறுபத்து மூன்று. எஞ்சிய பத்தொன்பது ஆண்டுகளும் பெரும்பாலும் ஓர் அறையிலேயே கழிந்தன. அவ்வேண்டுதலுக்கு இதுவா விடை என்று நாம் கேட்போம். அவரும் அவ்வினாவினின்று எளிதில் விடுபட்டவர் அல்லர்.

நலமுடன் நடமாடுவோர் நோயாளிகளுக்கு எழுதி அனுப்பும் ஆறுதல் மொழிகள் படுக்கையில் கிடப்போருக்கு எத்துணைச் சலிப்பூட்டும் என்பதை அவர் இப்போது உணர்ந்தார். ஆதலின், நோயாளியாகவே நோயாளிகளுக்கு மடல்கள் எழுதலானார். உறக்கமற்ற இரவுகளையும் மனச் சோர்வையும் அவற்றில் மறைத்தாரில்லை. வலி நீங்கிவிடும் என்று பொய்யான உறுதியும் கூறவில்லை. அன்றன்றைக்கு வேண்டிய கிருபை அன்றன்றைக்கே கிடைக்கும் என்பதே அவர் கண்ட துணை. அம்மடல்கள் 1933இல் நூலாயின. வேறு பல நூல்களையும் அப்படுக்கையிலிருந்தே இயற்றினார். வலி மிகுந்த நாளிலும் குழந்தைகள் அவ்வறைக்கு வந்துபோயினர்.

1948இல் அறைக்குள்ளேயே மறுபடியும் விழுந்தார். 1951 ஜனவரி 18ஆம் நாள் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. இந்தியாவுக்கு வந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் தாயகம் திரும்பவில்லை.

தம் கல்லறைக்குக் கல் நாட்டலாகாது என்று முன்னரே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அச்சொல்லை மீறவில்லை. பறவைகள் நீர் அருந்துவதற்கென ஒரு கற்றொட்டியை அவ்விடத்தில் அமைத்து, அதில் ‘அம்மை’ என்னும் சொல்லை மட்டும் பொறித்தனர்.