வேம்பின் கசப்பைப் பிரித்துக் காட்டியவர்

வேப்பெண்ணெய் பூச்சியை அண்டவிடாது என்பது நம் பாட்டிமாருக்கே தெரியும். அந்த எண்ணெயில் என்னென்ன பொருட்கள் இருக்கின்றன என்று வேதியியல் வழியில் பிரித்துக் காட்டிய முன்னோடி, சலீமுஸ்ஸமான் சித்திக்கி.

உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில் 1897-ல் பிறந்தவர். அலிகாரில் படித்து, ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் 1927-ல் முனைவர் பட்டம் பெற்றார். ஓவியத்திலும் தேர்ந்தவர். நாடு திரும்பியதும், ஹக்கீம் அஜ்மல் கானின் ஆதரவோடு டெல்லி திப்பியா கல்லூரியில் மூலிகை ஆய்வைத் தொடங்கினார். சர்ப்பகந்தி வேரிலிருந்து 1931-ல் பிரித்த பொருளுக்கு 'அஜ்மலின்' என்று அவர் பெயரையே சூட்டினார்.

அடுத்து வேம்பு. வேப்பெண்ணெயை வெவ்வேறு கரைப்பான்களில் கரைத்து, நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்ற மூன்று கசப்புப் பொருட்களை 1942-ல் பிரித்தெடுத்தார். வேம்பின் கசப்பு ஒரே பொருள் அல்ல, பல பொருட்களின் கூட்டு என்பது தெளிவானது. 1951-ல் பாகிஸ்தான் சென்று, அங்கே ஆய்வு நிறுவனங்களை வளர்த்தார். முதுமையிலும் கராச்சியில் வேம்பு ஆய்வை விடவில்லை. 1994-ல் காலமானார்.

அவர் போட்ட பாதையில் பலர் நடந்தனர். பூச்சிகளை முடக்கும் அசாடிராக்டினை வேப்பங்கொட்டையிலிருந்து 1968-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் பிரித்தனர். கொசுப்புழு நான்கு பருவம் வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, பிறகே கொசுவாகப் பறக்கும். ஒவ்வொரு பருவத்துக்கும் தோலுரிக்க வேண்டும். அசாடிராக்டின் அந்தத் தோலுரிப்பைக் குலைக்கிறது. அதனால் புழு உடனே சாகாது. கொசுவாக மாறாமல் சில நாட்களில் மடியும். மறுநாளே தண்ணீரில் புழு நெளிவதைப் பார்த்து, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம், வேப்பம்பிண்ணாக்கு பூசிய யூரியாவை நெல் வயல்களில் இட்டுப் பார்த்தது. மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்களின் புழுக்கள் அவ்வயல்களில் குறைந்தன. பயிருக்கு இடும் உரமே கொசுவையும் கட்டுப்படுத்தியது.

வெயில் பட்டால் அசாடிராக்டின் விரைவில் வீரியம் இழக்கும். எனவே கரைசலை அன்றன்று தயாரித்து, மாலையில் தெளித்து, புழு மீண்டும் தென்பட்டால் திரும்பவும் தெளிக்க வேண்டும். குடிநீரிலும் மீன் வளர்க்கும் குட்டையிலும் ஊற்றக் கூடாது. குடிநீர்த் தொட்டிக்கு இறுக்கமான மூடியே போதும். கொல்லையில் நிற்கும் வேம்பைச் சரியாகப் பயன்படுத்துவதே சித்திக்கியின் உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை.