பிரௌன்-செக்கார்

ஷார்ல்-எடுவார் பிரௌன்-செக்கார் (ஏப்ரல் 8, 1817 - ஏப்ரல் 2, 1894) மொரீசியசில் பிறந்த உடலியங்கியல் அறிஞரும் நரம்பியல் மருத்துவரும் ஆவார். தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் சேதமடைவதால் தோன்றும் நிலை இவர் பெயரால் பிரௌன்-செக்கார் கூட்டறிகுறி என அழைக்கப்படுகிறது. விலங்குகளின் விரைச் சாற்றைத் தம் உடலில் செலுத்திக்கொண்டு இவர் செய்த சோதனை, ஆண்களின் டெஸ்டோஸ்டெரோன் குறைபாட்டுச் சிகிச்சையின் வரலாற்றில் முக்கிய இடம் பெறுகிறது.

வாழ்க்கை

பிரௌன்-செக்கார் போர்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். தந்தை அமெரிக்கக் கப்பல் தலைவர். மகன் பிறக்கும் முன்பே கடலில் மறைந்தார். பிரெஞ்சு வழிவந்த தாயே இவரை வளர்த்தார். எழுத்தாளராகும் விருப்பத்துடன் 1838இல் பாரிஸ் சென்றவர், பின்னர் மருத்துவம் பயின்று 1846இல் பட்டம் பெற்றார். இலண்டனிலும் ஆர்வர்டு பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய பின், 1878இல் குளோட் பெர்னாரைத் தொடர்ந்து பிரான்சுக் கல்லூரியில் சோதனை மருத்துவப் பேராசிரியரானார்.

ஆய்வுகள்

தண்டுவடத்தின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டால் அதே பக்கத்தில் இயக்கமும், எதிர்ப்பக்கத்தில் வலி, வெப்ப உணர்வுகளும் குன்றுவதை இவர் விளக்கினார். அண்ணீரகச் சுரப்பிகளை அகற்றினால் விலங்குகள் இறந்துவிடுகின்றன என்று 1856இல் காட்டினார். உறுப்புகள் குருதியில் கலக்கும் பொருள்கள் உடல் முழுவதையும் இயக்குகின்றன என்பது இவரது கருத்து. ஹார்மோன் என்ற சொல் 1905இல்தான் வழக்கிற்கு வந்தது.

தம் உடலைச் சோதனைக்களமாக்குவது இவருக்குப் புதிதன்று. இளமையில், நூலில் கட்டிய பஞ்சை விழுங்கி வெளியே இழுத்து, இரைப்பைச் சாற்றை ஆராய்ந்தார். அதனால் ஏற்பட்ட எதுக்களிப்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது.

1889ஆம் ஆண்டுச் சோதனை

தமது 72ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைகளை நசுக்கி நீர் சேர்த்து வடித்த சாற்றைத் தோலுக்கடியில் ஊசிமூலம் செலுத்திக்கொண்டார். 1889 ஜூன் 1 அன்று பாரிஸ் உயிரியல் கழகத்தில் முடிவுகளை அறிவித்தார். களைப்பின்றி நெடுநேரம் ஆய்வகத்தில் நிற்க முடிந்தது என்றும், முன்கை வலிமை கூடியது என்றும் தெரிவித்தார். ஊசியை நிறுத்திய சில வாரங்களில் பழைய தளர்ச்சி திரும்பியது.

செய்தி விரைவில் பரவியது. வயதானவர்கள் மருத்துவர்களை நாடினர். இளமை மருந்து என்ற பெயரில் பலர் சாறு விற்றனர். அறிவியலாளர் பலர் ஐயமும் ஏளனமும் தெரிவித்தனர்.

சாறு ஏன் பயன்படவில்லை

விரை டெஸ்டோஸ்டெரோனைச் சேமித்து வைப்பதில்லை. சுரந்தவுடன் குருதியில் விடுகிறது. மேலும் அது நீரில் மிகக் குறைவாகவே கரையும். 2002இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதே முறையில் சாறு தயாரித்து அளந்தபோது, அதிலிருந்த டெஸ்டோஸ்டெரோன் பயன்தரும் அளவைவிட மிகக் குறைவு எனக் கண்டனர். எனவே பிரௌன்-செக்கார் உணர்ந்த வலிமை நம்பிக்கையால் விளைந்ததாகவே கருதப்படுகிறது. தாம் எதைச் செலுத்திக்கொள்கிறோம் என்பதை அவர் அறிந்திருந்தார். ஒப்பிட வேறொருவர் இல்லை.

தாக்கம்

கருவி தவறினாலும் கருத்து தவறவில்லை. 1891இல் ஜார்ஜ் முர்ரே ஆட்டின் தைராய்டுச் சாற்றைக் கொண்டு தைராய்டுக் குறைபாட்டை வெற்றிகரமாகக் குணப்படுத்தினார்; தைராய்டு தன் ஹார்மோனைச் சேமித்து வைக்கும் சுரப்பியாகும். 1935இல் எர்ன்ஸ்ட் லக்கேர் குழுவினர் காளையின் விரைகளிலிருந்து டெஸ்டோஸ்டெரோனைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் புட்டெனான்ட், ருசிச்கா ஆகியோர் அதனைச் செயற்கையாக உருவாக்கினர். 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

இன்று டெஸ்டோஸ்டெரோன் ஊசி, தோலில் பூசும் ஜெல், ஒட்டுப்பட்டை, வாய்வழி மருந்து ஆகிய வடிவங்களில் அளிக்கப்படுகிறது. அறிகுறிகள் இருந்து, வெவ்வேறு நாள்களின் காலைநேரக் குருதிச் சோதனைகளில் இருமுறையாவது அளவு குறைவாகக் காணப்பட்டால் மட்டுமே இச்சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. இது விந்தணு உற்பத்தியைக் குறைப்பதால், குழந்தைப்பேறு விரும்புவோருக்கு வேறு மருந்துகள் அளிக்கப்படுகின்றன. சிகிச்சையின்போது குருதிச் சிவப்பணுக்களின் அளவும் கண்காணிக்கப்படுகிறது. முதுமைத் தளர்ச்சி மட்டுமே இதற்குக் காரணமாகாது. பிரௌன்-செக்கார் போக்க முயன்றது அத்தளர்ச்சியையே ஆகும்.