லூயி பிரெயில்

கல்லூரி வாழ்வில் நாம் அன்றாடம் செய்தும், அவற்றின் அருமையை எண்ணிப் பாராத செயல்கள் பல உள. விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெழுதுதல் அவற்றுள் ஒன்று. ஆசிரியர் கூறியவற்றுள் வேண்டியதை நம் கையாலேயே எழுதுகின்றோம்; வேண்டும்பொழுது நாமே எடுத்துப் படிக்கின்றோம். இதற்குப் பிறர் துணையை நாடுவதில்லை. எழுத்தைக் கண்ணுக்கு ஒப்பிட்டுப் போற்றினர் நம் முன்னோர். கண்ணும் இன்றி, கண்ணுக்கு ஒப்பாகிய எழுத்தும் இன்றி இருந்தோர் நிலையை என்னென்பது! இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் உலகில் விழியற்றோர் நிலை இதுவேயாம். அந்நிலையை மாற்றினவர், தாமும் விழியிழந்த ஒரு பதினைந்து வயதுச் சிறுவர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிரான்சு நாட்டுத் தலைநகராகிய பாரிசுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கூப்வ்ரே என்னும் சிற்றூர் உளது. அவ்வூரில் குதிரைச் சேணம் செய்து வாழ்ந்த சீமோன் ரெனே பிரெயில் என்பவருக்கும், அவர் மனைவி மோனிக் அம்மையாருக்கும் நான்காம் மகவாக, 1809ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் லூயி பிறந்தார். மூன்றாம் வயதில் தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் குத்தூசி யொன்றை எடுத்து விளையாடுகையில், அது கைவழுவிக் கண்ணில் பாய்ந்தது. புண் சீழ்ப்பிடித்து மற்றைக் கண்ணையும் பற்றியது. ஐந்தாம் வயதில் இரு கண்களும் முற்றும் ஒளியிழந்தன.

அக்காலத்தில் விழியற்ற ஏழை மக்களுட் பலர் இரந்துண்டே வாழ்ந்தனர். லூயியின் பெற்றோர் தம் மகனை அங்ஙனம் விட மனங்கொண்டாரல்லர். ஊர்க் குருவானவராகிய பாலுயி என்பார் சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்டு தாமே பாடங் கற்பித்தார். பின்னர் ஊர்ப் பள்ளியிலும் சேரச் செய்தார். கேட்டதை மறவாத நினைவாற்றலால் லூயி நன்கு கற்றார். ஆயினும் மற்றைப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்குங்கால், இவர் மட்டும் வாளாவிருக்க நேர்ந்தது.

பாரிசு நகரில் விழியற்ற சிறார்க்கென வலாந்தேன் ஹாவி என்னும் பெருந்தகை 1785இல் நிறுவிய கல்விச்சாலை யொன்று இருந்தது. 1819ஆம் ஆண்டு பெப்ரவரியில், பத்து வயதில், லூயி அதிற் சேர்ந்தார். ஆண்டு அச்செழுத்துக்களைத் தாளின்மேல் மேடாக எழுமாறு அழுத்திச் செய்த புத்தகங்கள் சில இருந்தன. அவற்றை விரலால் தடவிப் படித்தல் வேண்டும். புத்தகமோ பெரிது, பாரமும் மிகுதி. எழுத்துக்கள் ஒன்றோடொன்று மயங்கின. ஓர் எழுத்தின் வளைவை விரல் முற்றும் சுற்றி வருமுன் முன்னெழுத்து நினைவினின்றும் நழுவிற்று. எல்லாவற்றிலும் பெருங்குறை யாதெனில், அம்முறையில் மாணவர் படிக்கலாமே யன்றி எளிதில் எழுத இயலாது. பிறர் எழுதித் தந்ததே அவர்க்குக் கல்வி. தம் நினைவைத் தாளில் நிறுத்த அவர்க்கு வழியில்லை.

1821இல் சார்ல்ஸ் பார்பியே என்னும் பீரங்கிப்படை அதிகாரி தாம் கண்ட புள்ளியெழுத்து முறையை அக்கல்விச்சாலைக்குக் கொணர்ந்தார். தாளில் ஊசியால் அழுத்திப் புள்ளிகளை எழுப்பி எழுதுவது அது. கோட்டைக் காட்டிலும் புள்ளி விரலுக்கு எளிதிற் புலனாகும் என்னும் உண்மையை லூயி உடனே உணர்ந்தார். ஆயினும் அம்முறையிலும் குறையிருந்தது. ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள்வரை வேண்டியிருந்தமையால் அது விரல்நுனியில் அடங்கவில்லை. மேலும் அது ஒலியையே குறித்தது. சொற்களைப் பிழையற எழுதவும், நிறுத்தக்குறிகளையும் எண்களையும் இசையையும் குறிக்கவும் இடந்தரவில்லை.

பகலிற் பாடங்களை முடித்து, ஓய்வு நேரத்திலும் விடுமுறையிலும் லூயி ஓயாது முயன்றார். 1824இல், தம் பதினைந்தாம் வயதில், ஆறு புள்ளிகளே கொண்ட முறையைக் கண்டார். நிரைக்கு மூன்றாக இரு நிரையில் நிற்கும் இப்புள்ளிகள், விரலை அசைக்காமலே ஒரே தொடுகையில் அறியத்தக்கன. இவற்றை வெவ்வேறாகக் கூட்டுவதால் 63 குறிகள் பிறக்கின்றன. முதற் பத்தெழுத்துக்கள் மேல் நான்கு புள்ளிகளால் ஆயவை. அவற்றோடு கீழ்ப்புள்ளி யொன்றைச் சேர்க்க அடுத்த பத்தும், கீழ்ப்புள்ளிகள் இரண்டையும் சேர்க்க அதற்கடுத்த வரிசையும் அமைந்தன. எண்ணையும் இசையையும் இவற்றாலேயே எழுதலாம்.

எழுதுதற்கு வேண்டுவன மூன்றே: தடித்த தாள், கட்டங்கள் அமைந்த சட்டம், முனை மழுங்கிய எழுத்தாணி. வலமிருந்து இடமாகக் குத்திச் சென்று, தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். கண்ணைக் கெடுத்த குத்தூசியை ஒத்ததோர் ஊசியே கண்ணற்றோர் கையில் எழுதுகோலாயிற்று! அன்றுமுதல் விழியற்ற மாணவர் தாமே குறிப்பெழுதித் தாமே படிக்கலாயினர்.

1829இல் லூயி தம் முறையை விளக்கி நூலொன்று வெளியிட்டார். அந்நூலே பழைய மேடெழுத்தில் அச்சிடப்பட்டது என்பது வியப்பன்றோ? அதன் முகவுரையில் பார்பியேக்குத் தாம் பட்ட கடனை மறவாது கூறினார். அப்பொழுது அவர் அச்சாலையிலேயே துணையாசிரியர்; 1833இல் முழு ஆசிரியரானார். ஆர்கன் வாசிப்பதிலும் வல்லவராகிப் பாரிசு ஆலயங்களில் இசைப்பணி செய்தார்.

மாணவர் இம்முறையை உயிரெனக் கொண்டாலும், விழியுடையோர் பலர் அதனை விரும்பினாரல்லர். தம் கண்ணுக்குப் புரியாத எழுத்து விழியற்றோரை உலகினின்றும் பிரித்துவிடும் என்பது அவர் வாதம். ஆனால் யாருடைய வசதிக்கு எழுத்து? படிக்கும் விரலுக்கா, மேற்பார்க்கும் கண்ணுக்கா? இவ்வினாவை அவர் எண்ணவில்லை. 1840இல் தலைவராக வந்த துஃபோ என்பார் பிரெயில் எழுத்தை விலக்கி வேறொரு மேடெழுத்தைப் புகுத்தினார். ஆயினும் மாணவர் மறைவில் புள்ளியெழுத்தையே எழுதி வந்தனர். 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் துணைத்தலைவர் காதே என்பார் பலரறிய அம்முறையைப் புகழ்ந்துரைத்தார். மாணவர் எழுதியும் படித்தும் காட்டினர். தடையும் நீங்கிற்று.

பிரிவினை என்னும் குற்றச்சாட்டுக்கு லூயி சொல்லால் அன்றிச் செயலால் விடையிறுத்தார். விழியற்றோர் எழுதுவதை விழியுடையோரும் படிக்குமாறு, புள்ளிகளாலேயே வழக்கமான எழுத்துக்களை வரையும் முறையை 1839இல் வெளியிட்டார். பூக்கோ என்னும் விழியற்ற நண்பர் அதற்கோர் பொறி அமைத்துத் தந்தார்.

இளமை தொட்டே காசநோய் அவரை வாட்டியது. 1852ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், நாற்பத்து மூன்று வயது நிரம்பிய இரண்டாம் நாள், அவர் ஆண்டவரின் இளைப்பாறுதலுட் புகுந்தார். தமக்குக் கடன்பட்டோர் எழுதித் தந்த சீட்டுகளை ஒரு பெட்டியில் இட்டு, திறவாது எரித்துவிடுமாறு சொல்லிச் சென்றார் என்பர். தம் எழுத்து முறையாக ஏற்கப்பட்டதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1854இல் பிரான்சும், 1878இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடும் அதனை ஏற்றன. 1952இல் அவர் உடல் பாந்தியோன் என்னும் பெரியோர் சமாதியில் வைக்கப்பட்டது. கைகள் மட்டும் கூப்வ்ரேயிலேயே உள்ளன.

நம் நாட்டுக்கும் இவ்வொளி வந்தது. 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் என்னும் மிஷன் அம்மையார் விழியற்றோர் பள்ளியைத் தொடங்கினார். 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் வகுக்கப்பட்டது. பிரெஞ்சு நெடுங்கணக்கின் முதலெழுத்துக்கு லூயி இட்ட ஒற்றைப் புள்ளியே நம் அகரத்துக்கும் குறியாக நிற்கின்றது.

இந்நாளில் கணினியும் அவர் வழியிலேயே செல்கின்றது. விழியற்றோர் குறிப்பெழுதும் சிறு கருவியில் ஆறு புள்ளிக்கு ஆறு விசைகள் உள. எழுதியது சிறு ஊசிமுனைகளாக எழுந்து விரலுக்குப் புலனாகின்றது. ஒரு பகுதியை நகலெடுத்தால் அது கிளிப்போர்டு என்னும் இடத்திற் கண்ணுக்குத் தோன்றாது தங்கும். விழியுடையோர் திரையைப் பார்த்துத் தெளிவர். விழியற்றோர், தாம் எடுத்தது எதுவென்று கேட்டோ தடவியோ அறிதல் வேண்டும். ஆஸ்திரேலியாவில் விழியற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்விடிஏ என்னும் திரைபடிப்பான், இரு விசைகளை அழுத்திய அளவில் அதனைப் படித்துச் சொல்கின்றது. இங்கும் குறையை உணர்ந்தவரே கருவி சமைத்தார் என்பதை நோக்குக.

நம் வகுப்பில் விழியற்ற தோழர் ஒருவர் அமர்ந்திருப்பாராயின், அவருக்குப் படித்துக் காட்டுவது நற்செயலே. அவர் தாமே எழுதித் தாமே படிக்கும் வழியைத் திறந்து வைப்பது அதனினும் பெரிது. அவ்வழியில் எது வேண்டும் என்பதை முதலில் அவரையே கேட்போமாக.