புல்லட்ல ஆயில் ஒழுகுதா? 300 ரூபாய் பைக்கைப் பிரிச்சுப்போட்ட ஜி.டி.நாயுடுவைத் தெரிஞ்சுக்கோங்க!

பெரம்பூர், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் பழைய புல்லட் வெச்சிருக்கிறவங்க வீட்டை ஈஸியா கண்டுபிடிச்சிடலாம். வண்டி நிற்கிற இடத்துல தரையில ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். அதுக்கு மேல ஒரு அட்டைத் துண்டு, சில வீடுகள்ல ஒரு பழைய ட்ரே. பழைய புல்லட்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும், ஒழுகலைன்னாதான் உள்ளே ஆயில் இல்லைன்னு பயப்படணும்னு ஒரு ஜோக்கே உண்டு.

ஜோக் எல்லாம் சரி. ஆனா அந்த ஆயில் பின் டயர்ல பட்டா, மழை நாள்ல வளைவுல வண்டி வழுக்கும். அளவு குறைஞ்சது தெரியாம ஓட்டினா இன்ஜின் ஜாம் ஆகும். அதனால பலரும் செய்யற முதல் வேலை, கண்ல படற போல்ட்டை எல்லாம் இன்னும் ரெண்டு சுத்து இறுக்குறது. இரண்டாவது வேலை, ஈரமா இருக்கிற இடத்துல எல்லாம் சிலிகான் பேஸ்ட்டை அப்புறது. பத்து நாள் கழிச்சு அதே இடத்துல அதே வட்டம்!

அடைக்கிறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாரு, பிரிக்கிறதுக்கு முன்னாடி கவனிச்சுப் பாரு. இதையே ஒரு வாழ்க்கை முறையா வெச்சிருந்த ஒரு மனுஷன் தமிழ்நாட்டுல இருந்தார். ஜி.டி.நாயுடு. மாதவன் நடிப்பில் அவரைப் பற்றி படம் அறிவிக்கப்பட்ட பிறகு, ரீல்ஸ்ல அடிக்கடி கண்ல படற பேர்தான். அவரை `இந்தியாவின் எடிசன்' ஆக்கினது பெரிய லேப் இல்லை. ஒரே ஒரு செகண்ட் ஹேண்ட் மோட்டார் சைக்கிள்!

பள்ளிக்கூடம் பிடிக்கலை, பைக் பிடிச்சது

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ம் தேதி, கோவை சூலூர் அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்ன வயசிலேயே அம்மாவை இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவே இல்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு முடிந்துபோனது. அதற்கப்புறம் வயல் வேலை, கையில் கிடைத்த புத்தகங்கள்... அவ்வளவுதான் உலகம்.

அந்த உலகத்துக்குள் ஒருநாள் ஓர் ஆங்கிலேய அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, தானாக ஓடுகிற வண்டி. நம்ம ஊர் இளைஞர்களுக்கு அதைப் பார்த்ததும் ஓட்டிப் பார்க்கணும்னு தோணியிருக்கும். நாயுடுவுக்குத் தோணினது வேற. இது எப்படி ஓடுது?

இந்தக் கேள்வி அவரை ஊரில் உட்கார விடவில்லை. கோவைக்குப் போனார். ஹோட்டலில் சர்வர் வேலை. டேபிள் துடைத்து, இலை எடுத்து, சம்பளத்தைச் செலவு செய்யாமல் சேர்த்தார். ஏறக்குறைய 300 ரூபாய் சேர்ந்ததும் அந்த அதிகாரியின் வண்டியையே விலைக்கு வாங்கினார் என்பது அவரது வாழ்க்கைக் கதையில் எல்லோரும் சொல்லும் பகுதி. வண்டி, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தயாரான `ரட்ஜ்'. வாங்கிய வண்டியில் ஏறி ஊரைச் சுற்றி வரவில்லை மனுஷன். ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். திரும்பப் பூட்டினார். மறுபடி கழற்றினார். சர்வர், மெக்கானிக் ஆனது இப்படித்தான்.

ஒழுகுவதற்கென்றே செய்த இன்ஜின்

இங்கே ஒரு சுவாரஸ்யமான விஷயம் இருக்கு. 1910-களின் மோட்டார் சைக்கிள்களில் ஆயில் இப்போது மாதிரி சுற்றிச் சுற்றி வராது. டேங்கோடு ஒரு சின்ன கைப்பம்ப் இருக்கும். ஓட்டுகிறவர் சில மைல்களுக்கு ஒருமுறை அதை அழுத்தி, இன்ஜினுக்குள் கொஞ்சம் ஆயிலை அனுப்புவார். அது உள்ளே தெறித்து, பாகங்களை நனைத்து, கொஞ்சம் புகையாக எரிந்து, மிச்சம் இடுக்கு வழியாக ரோட்டில் சொட்டிப் போய்விடும். திரும்பி வரவே வராது. அதாவது, ஆயில் வெளியே போவது அந்த டிசைனில் குறையே கிடையாது. அதுதான் டிசைன்!

அந்தக் காலத்து வண்டியை வெளியே இருந்து மட்டும் பார்க்கிறவருக்கு ரிப்பேர் வண்டி மாதிரிதான் தெரிந்திருக்கும். உள்ளே திறந்து பார்த்தவருக்குத்தான் எது பழுது, எது இயல்பு என்று புரியும். ஆயில் லீக் விஷயத்தில் இன்றைக்கும் நமக்குத் தேவைப்படுவது இந்தப் புரிதல்தான்.

நம்ம புல்லட்டுக்கு வருவோம். 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து `என்ஃபீல்ட் இந்தியா'வைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. அதே 1955 அக்டோபர் 2-ம் தேதிதான் பெரம்பூரில் ஐ.சி.எஃப் தொடங்கியது. ஏற்கெனவே ரயில்வே ஒர்க்‌ஷாப்கள், பக்கத்திலேயே செம்பியம் சிம்ப்சன் என்று இன்ஜின் சத்தத்தோடு வளர்ந்த ஏரியா இது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒரு தாத்தாவோ மாமாவோ இங்கே பல குடும்பங்களில் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டால் கிட்டத்தட்ட இந்த வரிசையைத்தான் சொல்வார்கள்.

லீக்கைப் பிடிக்கும் வரிசை

1. சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற: ஆயில் ஈர்ப்பால் கீழே இறங்கும், ஓடும்போது காற்றால் பின்னாடி போகும். அதனால் இன்ஜினின் அடியில் சொட்டு தெரிந்தால், பிரச்னை மேலே டேப்பட் கவரில்கூட இருக்கலாம். இன்ஜின் ஆறினதும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து நன்றாகக் கழுவித் துடையுங்க. முழுசா காயட்டும். இணைப்புகள் மேல் முகப்பவுடரை லேசா தூவி, பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட விடுங்க. பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ, அதுதான் குற்றவாளி.

2. முதல்ல பிரீதர்: ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது கிராங்க்கேஸுக்குள் இருக்கும் காற்று அழுத்தப்படும். அது வெளியேற ஒரு வழி வேண்டும். அதுதான் பிரீதர். பழைய புல்லட்டில் அதன் முனையில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. அந்த ரப்பர் காய்ந்து இறுகினாலோ, டியூப் அடைத்தாலோ, உள்ளே சிக்கிய காற்று எந்த இடுக்கு கிடைத்தாலும் ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். எத்தனை பேக்கிங் மாற்றினாலும் நிற்காது. இன்ஜினைப் பிரிக்கும் செலவுக்குப் போகும் முன், விலை குறைவான இந்த ரப்பரைப் பாருங்க.

3. ஆயில் அளவு: அதிகமா ஊத்தினாலும் வெளியே தள்ளும். வண்டியை ரொம்ப நாள் நிறுத்தி வைத்தால் ஆயில் மெதுவாக கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். அப்போது டிப்ஸ்டிக்கில் குறைவாகக் காட்டும். அதை நம்பி மேலும் ஊத்தினால், ஸ்டார்ட் பண்ணினதும் பிரீதர் வழியா கொட்டும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, அப்புறம் அளவு பாருங்க.

4. இறுக்குறது வைத்தியம் இல்லை: கிராங்க்கேஸ் அலுமினியம். ஓவரா இறுக்கினால் மரை போயிடும். கவர் வளைந்து, சின்ன லீக் பெரிய லீக் ஆகும். எதிரெதிர் போல்ட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே அளவில் இறுக்கணும்.

5. பேக்கிங்: கவரைக் கழற்றினால் பழைய பேக்கிங்கைப் பொறுமையாகச் சுரண்டி எடுங்க. ஸ்க்ரூ டிரைவரால் நோண்டினால் விழும் ஒரு கீறலே புது லீக்குக்கு வழி. கண்ணாடித் தகடு மேல் நைஸ் எமரி பேப்பரை விரித்து, கவரின் விளிம்பை லேசாகத் தேய்த்துப் பாருங்க. தேயாமல் கறுப்பாகத் தெரியும் இடம் பள்ளம். அது சமமானதும் புது பேக்கிங் போடுங்க. பேஸ்ட் தேவைன்னா மெல்லிய பூச்சு போதும். அதிகமானா, உள்ளே பிதுங்கி உடைந்து ஆயில் போகும் வழியையே அடைக்கும்.

6. செம்பு வாஷர்: பயன்படுத்தப் பயன்படுத்த செம்பு இறுகிப்போகும். பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மெதுவாகும். புதுசு கிடைக்காத பழைய வண்டிகளுக்கு இது கை கொடுக்கும்.

ஒண்ணு முக்கியம். கழற்றுவதை எல்லாம் வரிசையாக ஒரு துணியில் அடுக்குங்க, ஒவ்வொரு கட்டத்திலும் மொபைலில் போட்டோ எடுங்க. நாயுடுவுக்கு ஞாபகம் மட்டும்தான் இருந்தது. நமக்கு கேமராவும் இருக்கு. வடிச்ச ஆயிலை ஓட்டேரி நல்லாவிலோ தெருச் சாக்கடையிலோ ஊத்திடாதீங்க. கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துடுங்க.

ஒரு பைக்கிலிருந்து பஸ் கம்பெனி வரை

மெக்கானிக் ஆன நாயுடு அப்படியே நேராக மேலே போய்விடவில்லை. முதல் உலகப்போர் காலத்தில் திருப்பூரில் பருத்தித் தொழிலில் நல்ல பணம் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் போய், பருத்தி வியாபாரத்தில் இழந்து திரும்பினார். கையில் மிஞ்சியது, இன்ஜின் தெரியும் என்ற தைரியம்.

கோவையில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் அந்தத் தைரியத்தை நம்பினார். அவர் கொடுத்த உதவியில் 1920-ல் ஒரு பஸ் வந்தது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடுவே ஓட்டினார். அது யு.எம்.எஸ் என்ற பெயரில் வளர்ந்து, நூற்றுக்கணக்கான பஸ்கள் ஓடும் நிறுவனமானது. ஓட்டுநரும் முதலாளியும் மெக்கானிக்கும் ஒரே ஆளாக இருந்தவருக்கு, ஒரு வண்டி எதனால் நிற்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கோவையில் மின் மோட்டார் தயாரித்தார். இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். பேட்டரியில் ஓடும் `ரேசன்ட்' ஷேவிங் ரேஸர், மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், பழச்சாறு பிழியும் கருவி என்று பட்டியல் நீளும். 1952-ல் 2,000 ரூபாயில் இரண்டு பேர் போகும் காரையும் உருவாக்கினார். அரசின் லைசென்ஸ் கிடைக்காததால் அது தயாரிப்புக்குப் போகவில்லை.

நாலு வருஷம் எதுக்கு?

அவர் வாழ்க்கையின் பெரிய சண்டை, கருவிகளைப் பற்றியது இல்லை. கற்பதைப் பற்றியது. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக முக்கியக் காரணமாக இருந்து, அதன் முதல்வராகவும் பொறுப்பேற்றார். ஆரம்ப வகுப்போடு நின்றவர், இன்ஜினீயரிங் காலேஜ் பிரின்ஸிபால்! அன்றைய மெட்ராஸ் கவர்னர் பெயரைத் தாங்கிய அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. கல்லூரி இடம் மாறிவிட்டது. ஆனா அவிநாசி ரோட்டில் `ஹோப் காலேஜ்' ஸ்டாப் இன்னும் இருக்கு.

நாலு வருஷப் படிப்பு நேர விரயம், கருவியைக் கையில் கொடுத்துச் சொல்லித்தந்தால் இரண்டு வருஷம் போதும் என்பது அவர் வாதம். அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பதவியை விட்டு வெளியே வந்துவிட்டார். அவர் சொன்ன கணக்கு சரியா என்று இன்றைக்கும் விவாதிக்கலாம். எல்லாவற்றையும் ஒர்க்‌ஷாப்பில் கற்றுவிட முடியாது. ஆனால், நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஸ்பேனர் சைஸ் தெரியாமல் வெளியே வருகிறவர்கள் இருக்கும்வரை, அந்தக் கேள்விக்கு உயிர் இருக்கும்.

1974 ஜனவரி 4-ம் தேதி நாயுடு மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் அறிவியல் காட்சிக்கூடம் இருக்கிறது, கார் மியூசியம் இருக்கிறது. 2025 அக்டோபரில் அதே சாலையில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை புல்லட்டைக் கழுவி, பவுடர் தூவிப் பாருங்க. பிரீதர் ரப்பர் வரைக்கும் நீங்களே பார்த்துடலாம். கிராங்க்கேஸ், கிளட்ச், டைமிங் பக்கம்னா அனுபவமுள்ள மெக்கானிக்கிடமே விடுங்க. ஆனா, வண்டியை விட்டுட்டு டீக்கடைக்குப் போயிடாதீங்க. பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்க, அவர் எதை முதல்ல கழற்றுறார், ஏன்னு கேளுங்க. நல்ல மெக்கானிக் அதுக்குக் கோபப்பட மாட்டார். அடுத்த முறை அந்தக் கவரைத் திறக்கிறது நீங்களா இருக்கலாம்!