மூளையினுள் மனத்தைத் தேடிய மருத்துவமேதை

நினைவு எங்கே உறைகின்றது? நான் என்னும் உணர்வு எங்கிருந்து எழுகின்றது? இவ்வினாக்கள் ஞானியர்க்கு மட்டுமே உரியவை அல்ல. மனித மூளையைக் கண்முன்னே கண்டவாறு, இதே வினாக்களை வாழ்நாள் முழுதும் எழுப்பிய அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தார். அவரே டாக்டர் வைல்டர் பென்ஃபீல்டு ஆவார்.

1891ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள், அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் ஒரு மருத்துவரின் மகனாக இவர் தோன்றினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றபின் ஆக்ஸ்போர்டு சென்று, நரம்பியல் பேரறிஞர் சர் சார்லஸ் ஷெரிங்டனிடம் பாடம் கேட்டார். முதல் உலகப் போரின்போது, 1916இல் இவர் சென்ற கப்பல் தாக்குண்டது. படுகாயமுற்றும் உயிர் பிழைத்தார்.

1928இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் குடியேறினார். அவ்வாண்டே பெருஞ்சோதனை ஒன்று வந்தது. தம் தமக்கையார் ரூத்தின் மூளையில் பெரிய கட்டி இருப்பது தெரிந்தது. தம் கைகளாலேயே அறுவை செய்து, மூளையின் முன்பகுதியில் பெரும் பங்கை அகற்றினார். ஆயினும் கட்டியை முழுமையாக நீக்க இயலவில்லை.

ரூத் இல்லம் திரும்பினார். அன்பு குன்றவில்லை, நினைவும் மங்கவில்லை. ஆனால் விருந்தினர்க்குச் சமைக்க முற்பட்ட ஒருநாள், எதை முன்னே செய்வது, எதைப் பின்னே செய்வது என்று வகுக்க இயலாது திகைத்து நின்றார். கட்டி மீண்டும் வளர, சில ஆண்டுகளுக்குள் மறைந்தார். அத்துயரே, மூளையை ஆராயத் தனி நிலையம் வேண்டும் என்ற உறுதியை இவருள் வலுப்படுத்தியது. 1934இல் மாண்ட்ரியால் நரம்பியல் நிலையம் எழுந்தது.

வலிப்பு நோயாளர்க்கு இவர் செய்த சிகிச்சை வியப்புக்குரியது. மூளைத் திசுவுக்கு வலியுணர்வு இல்லை. எனவே தலையின் மேற்புறத்தை மட்டும் மரக்கச் செய்து, நோயாளர் விழித்திருக்கும்போதே மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டார். ஓரிடத்தைத் தொட்டால் கை அசைந்தது. மற்றோரிடத்தைத் தொட்டால் பேச்சு நின்றது. நெற்றிப்பொட்டையொட்டிய பகுதியைத் தொட்டபோது, சிலர் என்றோ கேட்ட இசையை மீண்டும் கேட்டனர். பழைய நாள் ஒன்றில் தாம் மறுபடியும் இருப்பதாக உணர்ந்தனர்.

வாழ்வின் ஒவ்வொரு கணமும் மூளையில் பதிந்துள்ளது என்று இவர் கருதினார். ஆனால் 1963இல் வெளியிட்ட கணக்கின்படி, அப்பகுதி தூண்டப்பெற்ற 520 பேரில் 40 பேர்க்கே அத்தகைய அனுபவம் ஏற்பட்டது. நினைவு என்பது மாறாத பதிவன்று, நினைக்குந்தோறும் புதிதாகக் கட்டப்பெறுவது என்பதே இன்றைய அறிவியல் கொள்கை.

சிகிச்சைக்குப்பின் இருவர் புதிய நினைவுகளைத் தக்கவைக்கும் ஆற்றலை இழந்தபோது, அதனை இவர் மறைக்கவில்லை. உளவியல் அறிஞர் பிரெண்டா மில்னருடன் இணைந்து காரணத்தை ஆராய்ந்து, 1950களில் உலகிற்கு அறிவித்தார். நினைவைத் தோற்றுவிப்பதில் ஹிப்போகேம்பஸ் என்னும் உறுப்பின் பங்கு புலப்பட அதுவும் வழிகோலியது.

மின்சாரத்தால் கையை அசைத்தபோது, நோயாளர் அதனைத் தம் செயலாக ஏற்கவில்லை. மருத்துவரின் செயல் என்றே உணர்ந்தனர். ஒரு முடிவை எடுக்கச் செய்யும் இடத்தை மூளையில் இவரால் எங்கும் காண இயலவில்லை. மூளையைக் கொண்டே மனத்தை முற்றிலும் விளக்கிவிடலாம் என்ற நம்பிக்கையுடன் தொடங்கியவர், 1975இல் வெளிவந்த தம் நூலில், மனம் தனித்ததோர் இயல்புடையதாக இருக்கலாம் என்ற கருத்தின்பால் சாய்ந்தார். நரம்பியலார் பலர் இதனை ஏற்பதில்லை. வினா இன்னும் திறந்தே கிடக்கின்றது.

1976ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இவர் இயற்கை எய்தினார். கண்டதைக் கண்டவாறு உரைத்தல், தவறு நேர்ந்தவிடத்து ஒளியாமை, அறியாததன்முன் அடங்கி நிற்றல் ஆகிய மூன்றும் இப்பெருமகனாரின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற செல்வமாகும். மெய்ப்பொருளை நாடும் எவர்க்கும் அவை உறுதுணையாம்.